உழைச்செல்வார்: ஊர் மருத்துவ வரலாற்றில் நான்காம் கூறு

முன்னுரை

திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரம் மருந்து பற்றியது. அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றார். நோயுற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என்பன அவை. வடமொழிச் சரக சங்கிதையும் மருத்துவத்திற்கு நான்கு உறுப்புக்கள் உண்டெனக் கூறும். இவற்றுள் முதல் மூன்றும் நம் வரலாற்று நூல்களில் போதிய அளவு பேசப்பட்டுள்ளன. நோய்களின் பெயரை ஆராய்ந்தவர் உளர். மருத்துவர் பெற்ற காணிகளைத் தொகுத்தவர் உளர். மருந்து வகைகளைக் கல்வெட்டினின்றும் எடுத்து விளக்கியவரும் உளர். நான்காம் கூறாகிய உழைச்செல்வாரைப் பற்றித் தனியே ஆராய்ந்தார் மிகச் சிலரே.

சிற்றூர் மக்களுக்கு மருத்துவம் எட்டிய வரலாற்றை இந்நான்காம் கூற்றின் வழியாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்கு நிலைக்களனாகத் தேசூரையும் அதனைச் சூழ்ந்த பாலாறு, செய்யாற்று நிலப்பகுதியையும் கொள்கின்றோம். தேசூர் தலைநகராக விளங்கிய ஊரன்று. நெசவும் உழவும் சார்ந்து வாழும் சிற்றூர். மருத்துவம் அரண்மனையையும் பெருங்கோயிலையும் கடந்து எளிய மக்களிடம் வந்ததா என்னும் வினாவை இத்தகையதோர் ஊரினின்று எழுப்புவதே பொருந்தும். இவ்வினாவிற்கு விடை கூறும் பழஞ்சான்றும் புதுச்சான்றும் இந்நிலப்பகுதியிலேயே கிடைக்கின்றன என்பது மற்றொரு காரணம்.

சொற்பொருள்

முதற்கண் சொல்லை ஆராய்வோம். உழை என்னும் சொல் பக்கம், இடம் என்னும் பொருளது. உழைச்செல்வான் என்பதற்குப் பக்கத்தே செல்பவன் என்பதே நேர்ப்பொருள். பரிமேலழகர் இதற்கு மருந்தினைப் பிழையாமல் இயற்றுவான் என்று உரை கண்டார். அவ்வுரையாசிரியர் நான்கு கூற்றிற்கும் நந்நான்கு இலக்கணம் வகுத்தவிடத்து, இயற்றுவானுக்கு நோயாளியின்பால் அன்பு, மன மொழி மெய்களின் தூய்மை, சொல்லியவாறு செய்து முடிக்கும் வன்மை, அறிவு என்பவற்றைக் கூறினார். அன்பு முன்னும் அறிவு பின்னுமாக நின்ற இம்முறை நோக்கத்தக்கது.

ஆகவே, ஒரு சொல்லில் இரு தொழில்கள் அடங்கியுள்ளன. மருந்தை முறையாக ஆக்குதல் ஒன்று. நோயுற்றவனின் பக்கலிற் செல்லுதல் மற்றொன்று. உரையாசிரியர் முதற்றொழிலை விளக்கினார். சொல்லின் அமைப்போ இரண்டாவதனைச் சுட்டுகின்றது. இவ்விரண்டும் வரலாற்றில் ஒருங்கே நிகழ்ந்தனவா, தனித்தனியே நிகழ்ந்தனவா என்பதை இனிக் காண்போம்.

தேசூரும் அதன் சூழலும்

தேசூர் இன்று திருவண்ணாமலை மாவட்டத்து வந்தவாசி வட்டத்தைச் சார்ந்த பேரூராட்சியாகும். 1989ஆம் ஆண்டில் மாவட்டம் பிரிக்கப்படுவதற்கு முன்னர் இது வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. இதனை அடுத்துள்ள சீயமங்கலத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் உளது. அவனிபாசன பல்லவேச்சுரம் என்பது அதன் பெயர். அவ்வூர்ப் பாறையிற் சமண சமயச் சிற்பங்களும் காணப்படுகின்றன. மூன்றாம் நந்திவர்மனுக்குப் பெயர் தந்த தெள்ளாற்றுப் போர் நிகழ்ந்த தெள்ளாறும் அணித்தே உளது.

வந்தவாசி, ஆரணிப் பகுதிகள் தமிழ்ச் சமணர் தொன்றுதொட்டு வாழும் பகுதிகள். சமணர் போற்றும் நால்வகைத் தானங்களுள் ஔடத தானம் ஒன்று. ஏனையவை உணவு, அடைக்கலம், கல்வி பற்றியன. மருந்தளித்தலை உணவளித்தலோடு ஒப்பவைத்து எண்ணிய சமயத்தார் ஒழுக்க நூல்களுக்கும் மருந்தின் பெயரிட்டனர். கணிமேதாவியாரின் ஏலாதியும், காரியாசானின் சிறுபஞ்சமூலமும் மருந்துப் பெயர் பெற்ற நூல்களே. எனினும் தானம் என்பது கொடுப்போரின் அறம். கொடுத்த மருந்தை நோயாளிக்கு நாள்தோறும் அளித்துப் பேணியவர் யாவர் என்பதை அவ்வறநெறியினின்று மட்டும் நாம் அறிய இயலாது.

இதனினும் பழைய சான்றொன்றிலும் இதே நிலைமை உண்டு. அசோகனின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, சோழர் பாண்டியர் முதலியோர் நாடுகளிலும் மக்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ ஏற்பாடு செய்யப்பட்டதாகக் கூறுகின்றது. மூலிகைகள் இல்லாத இடங்களிற் கொணர்ந்து நடப்பட்டன என்றும் அது கூறும். மருத்துவமும் மருந்தும் அங்கே சொல்லப்பட்டன, பேணுவோர் சொல்லப்படவில்லை.

திருமுக்கூடல் ஆதுலர் சாலை

பேணுவோரைத் தெளிவாகக் காட்டும் சான்று திருமுக்கூடற் கல்வெட்டாகும். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் அமைந்த திருமுக்கூடலின் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் இக்கல்வெட்டு உளது. வீரராசேந்திர சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டில், ஏறத்தாழக் கி. பி. 1068இல், பொறிக்கப்பட்டது. 1915ஆம் ஆண்டிற் படியெடுக்கப்பட்ட இதனைக் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எபிகிராபியா இண்டிகாவின் இருபத்தொன்றாம் தொகுதியில் வெளியிட்டார்.

கோயிலுக்குரிய வருவாயையும் அதனின்று செய்யவேண்டிய செலவுகளையும் வகைப்படுத்திக் கூறும் நீண்ட ஆவணம் இது. வழிபாடு, விழா, வேதமும் இலக்கணமும் பயிலும் மாணாக்கர்க்கு உணவு, அவர்தம் தங்குமிடம் என்பவற்றோடு மருத்துவச் சாலையும் இதிற் கூறப்படுகின்றது. அதன் பெயர் வீரசோழன் ஆதுலர் சாலை. பதினைந்து நோயாளர் தங்குதற்கு அதில் இடம் வகுக்கப்பட்டது. அவர் ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் ஒரு நாழி அரிசி ஒதுக்கப்பட்டது.

சாலையின் மருத்துவன் சவர்ணன் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்று கல்வெட்டு பெயர் குறிக்கின்றது. அவனுக்கு ஆண்டொன்றுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் அளிக்கப்பட்டன. அறுவை மருத்துவம் செய்வானுக்கு 30 கலம். மருந்துச் சரக்குக் கொணர்ந்தும் விறகிட்டும் பணி செய்வார் இருவர்க்கு 60 கலமும் 2 காசும். நோயாளரைப் பேணி மருந்தளிக்கும் பெண்டிர் இருவர்க்கு 30 கலமும் ஒரு காசும். நாவிதனுக்கு 15 கலம். ஓராண்டிற்கு இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களும் நிரல்படக் கூறப்பட்டுள்ளன. வாசாரீதகி, தசமூல அரீதகி, வில்வாதி கிருதம், கல்யாண லவணம் முதலாக ஏறத்தாழ இருபது மருந்துகள் அப்பட்டியலில் உள்ளன. இரவில் எரியும் விளக்கிற்கும் வழி செய்யப்பட்டது.

இக்கணக்கினை நுணுகிக் காணுதல் வேண்டும். ஒரு கலம் பன்னிரண்டு குறுணி. ஒரு குறுணி எட்டு நாழி. ஆண்டிற்கு 360 நாளெனக் கொள்ளின், மருத்துவனின் நாட்கூலி மூன்று குறுணி நெல். பேணும் பெண் ஒருத்திக்கு நாளொன்றுக்குக் கிடைத்தது நான்கு நாழி, அதாவது அரைக் குறுணி. நெல்லளவிற் பார்த்தால் மருத்துவன் பெற்றதில் ஆறில் ஒரு பங்கே அவள் பெற்றாள். அது நாவிதன் பெற்ற அளவே. மருத்துவனின் பெயர் கல்லில் நின்றது. அப்பெண்டிர் இருவரின் பெயர் நிற்கவில்லை.

இது குறைகூறுதற்காக எடுத்துரைத்ததன்று. பெயர் குறியாது விடினும், அவர்களை எண்ணிக்கையிற் கொண்டு ஊதியம் வகுத்தமையே அக்கல்வெட்டின் சிறப்பு எனல் வேண்டும். கட்டடம் எழுப்பி மருத்துவனை அமர்த்திய அளவில் மருத்துவச் சாலை நடவாது. விறகிடுவாரும், மருந்தளிப்பாரும், இரவில் விளக்கும் வேண்டும் என்பதை அவ்வாவணம் எழுதினோர் அறிந்திருந்தனர். ஒரு முறை தரும் கொடையினால் ஒரு நிலையம் நிலைபெறாது. ஆண்டுதோறும் தொடரும் செலவே அதனை நிலைநிறுத்தும் என்னும் உண்மையும் இதனால் விளங்கும்.

யார்க்கு உரிய சாலை?

இங்கே ஒரு கருத்தைத் திருத்துதல் எம் கடமையாகும். சோழர் காலத்தில் நாடெங்கும் பொதுமக்களுக்கு மருத்துவமனைகள் இருந்தன என்றும், அவற்றிற்குத் திருமுக்கூடல் சான்று என்றும் நம்மவர் எழுதியும் பேசியும் வருகின்றனர். கல்வெட்டு அவ்வாறு கூறவில்லை. கோயிலையும் அதனைச் சார்ந்த கல்விச்சாலையையும் நடத்துதற்கு வகுத்த செலவுகளிடையே இச்சாலை இடம்பெறுகின்றது. அங்கே பயின்ற மாணாக்கர், பணி செய்தோர் முதலாயினாரை நோக்கியே பதினைந்து படுக்கையும் வகுக்கப்பட்டன எனக் கொள்ளுதலே ஆவணத்தின் போக்கிற்கு ஒத்தது. சுற்றூர் உழவரும் நெசவாளரும் அங்கே மருத்துவம் பெற்றனர் என்பதற்கு அதில் அகச்சான்று இல்லை.

ஆதுலர் என்னும் சொல்லை எடுத்துக்காட்டி இதனை மறுப்பார் உளர். அச்சொல் ஆதுரர் என்னும் வடசொல்லின் திரிபு. நோயாளர் என்பது அதன் பொருள். தமிழில் வறியோர் என்னும் பொருளும் அதற்கு உண்டு. அதுகொண்டு ஆதுலர் சாலையை ஏழையர்க்குத் திறந்த சாலை என்பர். பொருள் விரிவு மொழியில் நிகழ்ந்தது உண்மையே. ஆயினும் ஒரு சொல்லின் பிற்பொருளைக் கொண்டு கல்வெட்டில் இல்லாத செய்தியை ஏற்றியுரைத்தல் ஆய்வுநெறியாகாது. தஞ்சையிற் சுந்தரசோழ விண்ணகர் ஆதுலர் சாலைக்குக் குந்தவை தேவியார் அளித்த கொடையும், திருவாவடுதுறையில் விக்கிரம சோழன் காலத்தில் சரக சங்கிதையும் அட்டாங்க இருதயமும் பயின்றார்க்கு உணவளித்தமையும் மருத்துவம் பேணப்பட்டதற்குச் சிறந்த சான்றுகள். அவை எல்லா மக்களுக்கும் மருத்துவம் எட்டியதற்குச் சான்றுகள் ஆகா. முன்னோர் செய்ததைச் செய்த அளவிற் போற்றுவதே அவர்க்குப் பெருமை தரும்.

ஊர் மருத்துவரும் மருத்துவச்சியும்

அங்ஙனமாயின் சிற்றூர் மக்களுக்கு யார் மருத்துவம் செய்தனர்? ஊர்ப் பொதுவில் நிலமோ விளைவிற் பங்கோ பெற்று வாழ்ந்த மருத்துவரும், மருத்துவச்சியுமே ஆவர். மருத்துவக்காணி, மருத்துவப்பேறு என்னும் கல்வெட்டுச் சொற்கள் மருத்துவர்க்கு நிலவுரிமை வழங்கிய வழக்கத்தைக் காட்டுகின்றன. நாவிதர் குலத்தார்க்கு மருத்துவர் என்னும் பெயரும், மகப்பேறு பார்க்கும் அக்குலப் பெண்டிர்க்கு மருத்துவச்சி என்னும் பெயரும் தமிழகத்திற் பரவலாக வழங்கின. திருமுக்கூடலில் மருத்துவப் பணியாளரிடையே நாவிதன் எண்ணப்பட்டமையை இவ்வழக்கோடு ஒப்பிட்டுக் காணலாம்.

மருத்துவச்சி சாலையில் இருந்தவள் அல்லள். அழைத்த வீட்டிற்குச் சென்றவள். உழைச்செல்வார் என்னும் சொல்லின் நேர்ப்பொருள் இவளிடத்தே பொருந்தியது. ஆனால் அவளுக்கு முறையான கல்வி கிட்டவில்லை. சாதி வேறுபாட்டினால் மதிப்பும் கிட்டவில்லை. கல்வி பெற்றோர் சாலையினுள்ளும், இல்லம் சென்றோர் கல்விக்குப் புறத்தும் நின்றனர். ஊர் மருத்துவத்தின் நெடுநாட் குறை இதுவென்பது எம் கருத்து.

மானிப்பாயும் வேலூரும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேனாட்டு மருத்துவம் வந்தபோது இக்குறை புதுவடிவிற் தோன்றியது. அதனை உணர்ந்தவருள் ஒருவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயிற் பணிபுரிந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். 1847இல் இலங்கைக்கு வந்த அவர், மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, 1860களில் தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார். ஆங்கிலத்திற் பயின்றோர் அரசுப் பணியை நாடி ஊரை விட்டு நீங்குவதையும், தமிழிற் பயின்றோர் தம் ஊரிலேயே தங்குவர் என்பதையும் அவர் கருதினார். மொழிபெயர்ப்பு வரலாற்றிற் கிறீனுக்கு இடமளித்த நாம், ஊர் மருத்துவ வரலாற்றிலும் அவர்க்கு இடமளித்தல் வேண்டும். மருத்துவன் ஊரில் நிலைப்பதற்குச் சோழர் காணியைக் கருவியாக்கினர். கிறீன் தாய்மொழியைக் கருவியாக்கினார்.

இலங்கையில் அமெரிக்க மருத்துவத் தொண்டினைத் தொடங்கியவருள் ஒருவரான சான் ஸ்கடரின் மக்கள் பின்னர் நம் ஆர்க்காட்டுப் பகுதிக்கு வந்தனர். 1853இல் அமைந்த ஆர்க்காட்டுத் திருச்சபைப் பணியகத்தின் இடங்களுள் ஆரணியும் ஒன்று. சான் ஸ்கடரின் பேர்த்தியாகிய ஐடா ஸ்கடர் (1870–1960) வேலூரில் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவம் தொடங்கினார். 1902இல் மருத்துவமனை எழுந்தது. மகப்பேற்றின்போது ஆண் மருத்துவரை ஏற்காத குடும்பங்களின் பெண்டிர் உயிரிழந்தமையே அவரை மருத்துவம் பயிலத் தூண்டிற்று என்பது அனைவரும் அறிந்த செய்தி.

நம் ஆய்விற்கு முதன்மையானது அவர் வகுத்த சாலையோர மருத்துவம். 1909 முதல் மோட்டார் வண்டியில் மருந்துப் பெட்டியுடன் குடியாத்தம் சாலையிற் குறித்த நாளிற் செல்வார். குறித்த மரத்தடிகளில் மக்கள் காத்திருப்பர். நோயாளர் சாலையை நாடி வந்த நிலை மாறி, மருத்துவமே ஊரை நாடிச் செல்லும் நிலை தோன்றியது. அதே 1909இல் செவிலியர் பள்ளியும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் அவர் தொடங்கினார். மருத்துவப் பள்ளிக்கு ஒன்பதாண்டு முன்னரே செவிலியர் பள்ளி தோன்றியமை தற்செயலன்று. செவிலியர் இன்றித் தனி மருத்துவர் ஒருவரால் ஊர்களைத் தாங்க இயலாது என்பதை அவர் பட்டறிவால் உணர்ந்திருந்தார்.

அரசின் பொறுப்பு

சமயத் தொண்டும் தனியார் கொடையும் எட்டாத ஊர்களே மிகுதி. ஆதலின் அரசு இப்பொறுப்பினை ஏற்கவேண்டியதாயிற்று. 1924ஆம் ஆண்டையொட்டிச் சென்னை மாகாண அரசு, ஊர்ப்புறத்திற் குடியமர்ந்து மருத்துவம் செய்வார்க்கு உதவித்தொகை வழங்கும் திட்டத்தைக் கொணர்ந்தது. பழைய மருத்துவக்காணியின் கருத்தே புதிய வடிவில் வந்தது எனலாம். 1939இல் நிறைவேறிய சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், தாய்சேய் நலத்தை உள்ளாட்சி மன்றங்களின் கடமையாக்கியது.

போர் குழுவின் 1946ஆம் ஆண்டு அறிக்கை இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். 40,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்று குறுங்காலத் திட்டம் வகுத்த அக்குழு, அந்நிலையத்திற்கு மருத்துவர் இருவரைக் கூறிற்று. அவரோடு செவிலி ஒருவர், பொதுச் சுகாதாரச் செவிலியர் நால்வர், மகப்பேற்றுத் தாதியர் நால்வர், பயிற்சி பெற்ற மருத்துவச்சியர் நால்வர் என்று கணக்கிட்டது. மருத்துவர் இருவர்க்குப் பேணுவோர் பதின்மூவர்! திருமுக்கூடலிற் பெயரின்றி நின்ற இரு பெண்டிரின் தொழில் இங்கே விரிந்து நிற்கக் காண்கின்றோம். ஊர் மருத்துவச்சியைப் புறந்தள்ளாது பயிற்சியளித்துச் சேர்த்துக்கொண்டமையும் போற்றத்தக்கது.

1952 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் வழி வட்டாரந்தோறும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் தோன்றலாயின. எண்ணிக்கை பெருகிற்றே அன்றிப் பணியாளர் போதவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த ஆ. இலட்சுமணசாமி முதலியாரின் தலைமையில் அமைந்த குழு 1961இல் அளித்த அறிக்கை, புதிய நிலையங்களை மேன்மேலும் திறப்பதற்கு முன் உள்ளவற்றை வலுப்படுத்துக என்றது. கட்டடத்தை எண்ணுதல் எளிது. அதனுள் நாள்தோறும் நிகழும் பணியை எண்ணுதல் அரிது. முதலியார் குழு அரியதனைச் செய்யுமாறு அறிவுறுத்தியது. ஒன்பது நூற்றாண்டுகட்கு முன் விறகிற்கும் விளக்கிற்கும் கணக்கெழுதியவரின் கருத்தும் இதுவே.

இல்லம் நோக்கிய நடை

1973இல் கர்த்தார் சிங் குழு, துணைச் செவிலியரைப் பல்நோக்குப் பெண் சுகாதாரப் பணியாளராக்கப் பரிந்துரைத்தது. 1978இல் அல்மா அட்டாவிற் கூடிய உலக மாநாடு, அடிப்படை மருத்துவம் மக்கள் வாழுமிடத்திற்கு இயன்றவரை அணித்தாக வருதல் வேண்டும் என்று முழங்கியது. சமவெளியில் 30,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 மக்களுக்கு ஒரு துணை நிலையம் என்பது நாட்டின் அளவையாயிற்று. தமிழ்நாட்டில் 8,700க்கு மேற்பட்ட துணைச் சுகாதார நிலையங்கள் உள்ளன. அவற்றின் உயிர்நாடி கிராம சுகாதாரச் செவிலியரே.

தேசூர் போன்ற ஊரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் இச்செவிலியரின் பணி யாது? கருவுற்ற பெண்டிரைப் பதிவு செய்தல், குழந்தைகளுக்குத் தடுப்பூசி நாள் தவறாது இடுதல், மகப்பேற்றுக்குப்பின் தாயையும் சேயையும் இல்லம் சென்று காணுதல் முதலியன. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டிற்கு மேற்பட்ட மகப்பேறுகள் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. 1994இல் தோன்றிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மருந்து வழங்கு முறையும் ஊர் நிலையங்களின் வளர்ச்சிக்குத் துணைநின்றது. எனினும், மகப்பேற்றுக்குரிய பெண்ணை முன்னரே அறிந்து, அவள் வீட்டு வாயிலில் நின்று பேசி, நிலையத்திற்கு வருவித்த செவிலியரின் நடையை எந்தக் கிடங்கும் ஈடுசெய்யாது.

2021 ஆகத்து 5ஆம் நாள் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் இந்நடையை மேலும் நீட்டியது. குருதி அழுத்தமும் நீரிழிவும் உடையார்க்கு மருந்தினை இல்லத்திற்கே கொண்டு சேர்த்தல் அதன் பணிகளுள் ஒன்று. நாள் முழுதும் தறிக்குழியிற் காலிட்டு அமர்ந்து நெய்வார்க்கு ஒரு நாள் நிலையத்திற்குச் செல்லுதல் ஒரு நாட்கூலியை இழத்தலாகும். அவர்தம் நோயோ நாள்தோறும் மருந்துண்ண வேண்டிய நோய். ஆதலின், மருந்து இல்லம் தேடி வருதல் இத்தகைய ஊர்க்கு மிகவும் இன்றியமையாதது. திட்டத்தின் பெயரிலுள்ள தேடி என்னும் சொல், வள்ளுவரின் உழைச்செல்லுதற்கு அணித்தாக நிற்பதனையும் தமிழ் பயில்வோர் நோக்குதல் தகும்.

ஆயினும் பழைய வினா ஒன்று எஞ்சி நிற்கின்றது. இல்லந்தோறும் மருந்து கொண்டு செல்வோருட் பலர் மகளிர் தன்னார்வலர். ஊக்கத்தொகை பெறுவோரே அன்றி நிலையான பணியாளர் அல்லர். நான்கு நாழி நெல்லின் கணக்கு மீண்டும் நம் முன் வருகின்றது. பணியின் இன்றியமையாமைக்கும் பணியாளர் பெறும் மதிப்பிற்கும் இடையிலுள்ள இடைவெளி ஒன்பது நூற்றாண்டுகளிற் குறைந்துள்ளது, மறையவில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் இவை பெறப்படும். திருமுக்கூடல் ஆதுலர் சாலை, மருந்தாக்கிப் பேணுவோரை எண்ணி ஊதியம் வகுத்த அரிய நிலையம்; ஆனால் எல்லா மக்களுக்கும் உரியது என்று கொள்ளுதற்குச் சான்றில்லை. மருத்துவச்சி எல்லார் வீட்டிற்கும் சென்றாள். அவட்குக் கல்வியும் ஊதிய உறுதியும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் ஊர் மருத்துவ நிலையமே இவ்விரண்டனையும் ஒன்றுசேர்த்தது. கல்வி பெற்றவரே இல்லமும் செல்பவராயினார். பரிமேலழகர் கண்ட பொருளும் சொல்லின் நேர்ப்பொருளும் ஒருவரிடத்தே கூடின.

ஊர் மருத்துவ வரலாற்றை இனி எழுதுவோர், மருத்துவர் பெயரையும் கட்டடம் திறந்த நாளையும் தொகுப்பதோடு அமைதல் கூடாது. துணை நிலையங்களின் பதிவேடுகளையும், ஓய்வுபெற்ற செவிலியர், முதிய மருத்துவச்சியர் ஆகியோரின் வாய்மொழிச் செய்திகளையும் தேடித் தொகுத்தல் வேண்டும். இது பட்ட மேற்படிப்பு மாணவர் மேற்கொள்ளத்தக்க ஆய்வு. மருத்துவச்சியருள் எஞ்சியோர் மிக முதியவராதலின் காலம் தாழ்த்தலாகாத ஆய்வும் ஆகும். திருமுக்கூடலின் பெண்டிர் இருவரின் பெயரை நாம் இனி அறிய வழியில்லை. தேசூர்ப் பகுதியில் வீடுவீடாக நடந்தவர்களின் பெயரை இன்று கேட்டு எழுதினால் அறியலாம்.